முறைக்காரி உலகம்மை

ஒரு பெயர் காதில் விழுந்ததும் உலகம்மை டீச்சர் எழுந்துவிடுவார். கையில் காபித் தம்ளர் இருந்தால் அதை ஜன்னல் கட்டையில் வைப்பார். “இரு, கூட்டிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு வராந்தாவின் மறுகோடி வரைக்கும் நடப்பார். பேச்சில் அடிபட்ட மனுஷியைக் கையோடு அழைத்துவந்து நடுவில் நிறுத்துவார். “இப்பச் சொல்லுங்க. இவளப் பத்தி என்னமோ சொல்ல வந்தீகளே?” சொல்ல வந்தவர் நோட்டைத் திறந்து திருத்தத் தொடங்குவார். வந்து நிற்பவளுக்கோ எதற்காக வந்தோம் என்றே தெரியாது. டீச்சர் மட்டும் மிச்சக் காபியை இரண்டு மடக்கில் முடித்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்.

கிழக்கேகோட்டையிலிருந்து ஸ்ரீவராகம் போகும் சாலையில் இருக்கிற தமிழ்ப் பெண் பள்ளிக்கூடத்தில் ராகேல் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இதைப் பார்த்துவருகிறாள். குழித்துறைப் பக்கத்துப் பனையேறியின் மகள் அவள். பி.ஏ. படித்த முதல் ஆள், குடும்பத்தில் மட்டுமல்ல, அந்த ஊர்க்கரையிலேயே. படித்தவர்கள் நடுவில் எப்படி நிற்பது, எப்படிச் சிரிப்பது என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். ஆகவே மற்றவர்கள் கவனிக்காததும் அவள் கண்ணில் படும்.

உலகம்மை செங்கோட்டைக்காரர். குள்ளமான உருவம், அகன்ற தோள். வலியசாலையில் வீடு, கணவர் கோர்ட்டில் நகல் எழுதுகிறார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார் என்றால் வாய்ப்பாடு தொடங்கப்போகிறது என்று அர்த்தம். அவர் சொல்ல, வகுப்பே திருப்பிச் சொல்ல, சத்தம் சாலையில் போகும் மாட்டுவண்டி வரை எட்டும். சாலைக் கடைத்தெருவுக்கு மூட்டை ஏற்றிப்போகும் வண்டிக்காரர்கள் இரண்டொருவர் அதைக் கேட்டே ஏழாம் வாய்ப்பாட்டைப் படித்துக்கொண்டதாக ஆசிரியைகள் சொல்லிச் சிரிப்பதுண்டு.

சிரித்த காலம் அது. “உலகம்மை வரா, ஆரோட பேரும் எடுக்காதேங்கோ!” என்று தமிழ் டீச்சர் விஜயம் கிசுகிசுத்தால் அறையே குலுங்கும். பிறகு அதே பழக்கத்தைக் கண்டு எல்லோரும் பயப்படத் தொடங்கினார்கள். அதற்குக் காரணம் ஒரு கதவு.

கொல்லம் ஆண்டு 1114 ஆவணியில், மகாராஜாவிடம் பொறுப்பாட்சி கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீசார் தெருத்தெருவாகத் துரத்திய நாட்களில், ஒரு காலை, அடி தாங்காமல் ஓடிவந்த கூட்டம் பள்ளிக்கூட வாசலில் வந்து முட்டியது. தலைமையாசிரியை ரத்னாபாய் முன்னமே கதவைத் தாழிடச் சொல்லியிருந்தார். யாரோ உள்ளேயிருந்து தாழை விலக்கினார்கள். ரத்தம் ஒழுகப் பத்துப் பன்னிரண்டு பேர் உள்ளே வந்து தையல் வகுப்பில் பதுங்கினார்கள். பின்னாலேயே போலீசும் வந்தது. பிள்ளைகள் போட்ட அலறலில் சாலையே கூடிவிட்டது. அன்று சாத்திய பள்ளிக்கூடம் தை மாதம்தான் திறந்தது.

கதவைத் திறந்தது யார் என்று நிர்வாகக் கமிட்டி கேட்டது. ரத்னாபாய் யாரையும் விசாரிக்கவில்லை. “கதவு எனக்க பொறுப்பு” என்றார். அவ்வளவுதான். வேலை போயிற்று. தகரப்பெட்டியோடு நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினார்.

கமிட்டி வேறு தலைமையாசிரியையைப் போடவில்லை. மிஞ்சிய ஐந்து ஆசிரியைகளும் ஆளுக்கொரு மாதம் முறைவைத்துப் பள்ளிக்கூடத்தை நடத்தவேண்டியது. மாதக் கடைசியில் அந்த மாதத்துக்காரி தன்னந்தனியாக மானேஜர் நாகேஸ்வரய்யர் வீட்டுக்குப் போய் நடப்பைச் சொல்லவேண்டியது. இப்படி ஓர் ஏற்பாடு. “கோயில் முறை மாதிரியில்லா இருக்கு! என்ன முறைக்காரி, மழைக்கு இன்னைக்கு லீவு உண்டா?” என்று தையல் டீச்சர் எலிசாள் கேலி செய்ய, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் ஐந்து பேரின் ஒற்றுமையை மெச்சினார்கள். தபால் வந்தால் ஐந்து பேரும் கூடிய பிறகுதான் உறையைக் கிழிப்பார்கள். ஒருத்தி கடிகாரம் பார்க்க, இன்னொருத்தி மணி அடிப்பாள். ரத்னாபாயின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மரியாதை என்று பெயர். உட்கார்ந்தால் மற்ற நான்கு பேரும் என்ன நினைப்பார்களோ என்கிற பயம்தான் உள்ளே. ஒரு வகுப்பும் தவறவில்லை, ஒரு மணியும் பிந்தவில்லை. ஒருத்தியை ஒருத்தி காவல் காத்தால் பள்ளிக்கூடம் எப்படிப் பிசகும்? மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள். தனியாகப் போய்வந்த முறைக்காரி மானேஜரிடம் என்ன சொன்னாளோ?

சந்தேகம் சுற்றிச் சுற்றி உலகம்மையிடம்தான் வந்து நின்றது. “ஆரைப் பத்தியும் பின்னால ஒரு வார்த்தை பேசமாட்டா. அப்போ அதையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டறா?” என்று விஜயம் கேட்டார். கேட்டுவிட்டு உடனே திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டார்.

ராகேலிடம் வேறொன்று இருந்தது. அவள் யாரிடமும் சொல்லாதது. கலவர நாளன்று அவள் வகுப்பு உலகம்மையின் வகுப்புக்கு அடுத்தது. ஏழேழு வரைக்கும் சீராக வந்த வாய்ப்பாடு அந்த இடத்தில் நின்றது. வெளியே கூச்சல். பிறகு வாய்ப்பாடு தொடர்ந்தது. நடுவில் வாசல் வரை போய்த் திரும்பிவர நேரம் இருந்ததா? இருந்தது என்றும் தோன்றும், இல்லை என்றும் தோன்றும்.

பங்குனி ராகேலின் முறை. மாதக் கடைசியில் மானேஜர் வீட்டுக்குப் போனாள். அக்கிரகாரத்து வீட்டில் அவள் ஏறக்கூடிய படி எது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. அவள் கீழே தெருவில் நின்றாள். நாகேஸ்வரய்யர் மேலே நின்றுகொண்டு தணிந்த குரலில் பேசினார். அந்தத் தணிவே அவளைப் பயமுறுத்தியது.

“கதவைத் திறந்தது ஆருன்னு கமிட்டிக்குத் தெரிஞ்சாகணும், குட்டி. நீ படிச்சவ. பேரைச் சொல்லிட்டா உன் வேலை ஸ்திரம்.”

“எனக்கு அறியாது, சார்.”

“தெரியாமெ இருக்குமோ? ஆளைக் குறைக்கணும்னு கமிட்டியிலே பேச்சு இருக்கு. கடைசியா வந்தது ஆரு? நீதானே? வைகாசிக்குள்ளே யோசிச்சுச் சொல்லு.”

திரும்பி வரும்போது வழியெல்லாம் கணக்குப் போட்டாள். இந்தச் சம்பளத்தில்தான் தம்பியின் படிப்பு. அப்பா பனையிலிருந்து இறங்கியதும் இதை நம்பித்தான். ‘ஏழேழு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை? இரக்கமா? இல்லை, நாளைக்கு உலகம்மை தன்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நடுவில் நிறுத்தி, “இப்பச் சொல்லு” என்று கேட்பாரே என்கிற பயமா?

மறுநாள் உலகம்மையிடம் எச்சரிக்கை போலச் சொன்னாள். “அடுத்தது நிங்களுக்க முறை, டீச்சரே. சார் கதவப் பத்திக் கேக்காரு. எனக்க வேல போவும்னு தோணுது.”

உலகம்மை கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். “கேக்கட்டும்” என்றார்.

சித்திரைக் கடைசியில் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் வராந்தாவில் நின்று கையைத் தட்டினார். “எல்லாரும் கெளம்புங்க. மானேஜர் வீட்டுக்கு.”

“ஒருத்திதானே போகணும்?” என்றார் விஜயம்.

“உங்களப் பத்திக் கேப்பாரு. நீங்க இல்லாம நான் எப்படிச் சொல்ல?”

ஐந்து பேரும் அக்கிரகாரத் தெருவில் நடந்தார்கள். மானேஜர் வெளியே வந்து திகைத்தார். “என்ன இது, ஊர்வலமா? விஜயம், நீ உள்ளே வா. மத்தவா இப்படி நிக்கட்டும்.” விஜயம் படியில் ஒரு காலை வைத்தார். உலகம்மையைப் பார்த்தார். வைத்த காலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி ராகேலின் பக்கத்தில் வந்து நின்றார். நாகேஸ்வரய்யர்தான் கடைசியில் இறங்கிவர வேண்டியதாயிற்று. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

உலகம்மை நடப்பைச் சொல்லத் தொடங்கினார், வாய்ப்பாட்டுக் குரலில். “விஜயம் செய்யுள இழுத்து இழுத்துப் பாடிப் பிள்ளைகளத் தூங்கவச்சிருதா.”

“ஆகட்டும், இன்னும் உரக்கச் சொல்லுங்கோ! பத்மநாப சாமிக்கும் கேக்கட்டும்!” என்றார் விஜயம்.

“எலிசாள் தையலோட ஊர் வம்பையும் சேத்துத் தைக்கா. இந்தா நிக்காளே ராகேலு, பாடமும் தெரியும், பயமும் தெரியும். பயந்தான் கொஞ்சம் கூட. இனி என்னப் பத்தி இவங்க சொல்லட்டும்.”

“பிடிவாதக்காரி” என்றார் எலிசாள். “கையில அடிக்கச் சொன்னா முதுகுல அடிப்பா” என்றார் விஜயம். ராகேல் விஜயத்தின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

“அதெல்லாம் இருக்கட்டும்,” என்றார் மானேஜர், ஜன்னல்களைப் பார்த்தபடி. “கதவு?”

ராகேல் உலகம்மையின் வாயையே பார்த்தாள்.

“அஞ்சு பேரு பேரையும் எழுதிக்கிடுங்க” என்றார் உலகம்மை. “அஞ்சு பேரையும் அனுப்பிட்டு, நாளைக்கு நீங்களே வந்து வாய்ப்பாடு சொல்லிக்குடுங்க.”

எதிர்வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண்சிரிப்பு கேட்டது. மானேஜர் மற்றவர்களைப் பார்த்தார். “ஆமாம்” என்றார் விஜயம். “ஆமா” என்றார் எலிசாள். ஐந்தாவது டீச்சரும் தலையாட்டினார். ராகேலும் சொன்னாள். நாகேஸ்வரய்யர் உள்ளே போனார்.

திரும்பும்போது விஜயத்துக்கு ஆத்திரம் பொங்கிற்று. “எங்களைக் கேட்டேளா நீங்க?”

“கேட்டா வந்திருப்பீகளா?”

ராகேலின் வேலை தப்பியது. ஐந்து பேரையும் ஒரேயடியாக இழக்கக் கமிட்டிக்குத் துணிவு இல்லை. சோற்றுப் பாத்திரங்களும் சுவரைவிட்டுத் திரும்பின, குழம்பு கைமாறியது. ஆனால் ராகேலுக்கு மட்டும் தூக்கம் சரியாக வரவில்லை. நான்கு பேரைத் தன் முதுகில் தூக்கிச் சுமந்தாரா உலகம்மை, இல்லை நான்கு பேருக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டாரா? இரண்டுக்கும் வெளியே ஒரே முகம்தான். தன்னைக் காப்பாற்றியவரைச் சந்தேகிக்கிறோமே என்று தன்மேல் வெறுப்பு வந்தது. வெறுப்பு வந்தும் சந்தேகம் போகவில்லை.

ஒருநாள் கிழக்கேகோட்டை வரை கூடவே நடந்து கேட்டுவிட்டாள். “அன்னைக்கு ஏழேழுல வாய்ப்பாடு நின்னுது, டீச்சரே. எனக்குக் கேட்டுது. கதவத் தொறந்தது நிங்களா?”

உலகம்மை நடையை நிறுத்தவில்லை. “ரத்னாபாய் அம்மா இங்க இல்லியே, ஏட்டி. அவுக வரட்டும். அவுக முன்னால ஒனக்குச் சொல்லுதேன். நான் ஒனக்குப் பட்ட கடன்னு வச்சுக்க.”

வருஷங்கள் போயின. கமிட்டி ஒருமுறை உலகம்மையையே நிரந்தரத் தலைமையாசிரியை ஆகும்படி கேட்டது. “முறையே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். பதவி ஆசை இல்லாதவர் என்று ஊர் பேசிற்று. அந்த நாற்காலி அவரைச் சுடுகிறதோ என்று ராகேல் நினைத்தாள். இன்றைக்கும் அந்தப் பள்ளிக்கூடம் முறையில்தான் நடக்கிறது.

யுத்தம் முடிந்த வருஷம், ஒரு முற்பகல், ரத்னாபாய் வந்தார். தங்கை மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்திருந்தார். மெலிந்திருந்தார்; நாகர்கோவிலில் வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். பஸ் இறங்கிக் குறுக்குவழியாகத் தரிசில் நடந்து வந்ததில் சேலைக் கரை முழுக்க ஒட்டுப்புல். ஐந்து பேரும் கூடிவிட்டார்கள். எலிசாள் அழுதார். விஜயம் காபி வாங்கிவரச் சொன்னார். பழைய நாற்காலியை இழுத்துப்போட்டதும் ரத்னாபாய் சாதாரணமாக அதில் உட்கார்ந்தார்.

ராகேல் உலகம்மையின் பக்கத்தில் போய் நின்றாள். “எல்லாரும் இருக்கோம், டீச்சரே” என்றாள் மெதுவாக.

உலகம்மையின் உதடு அசைந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சட்டென்று தரையில் உட்கார்ந்து, ரத்னாபாயின் சேலைக் கரையைக் கையில் எடுத்து, ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். பிடுங்கியதைக் கீழே போடாமல் வலது உள்ளங்கையில் சேர்த்தார். ரத்னாபாய் குனிந்து அவர் தலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மதி, போதும், உலகம்மை. எழும்பு. பிள்ளைகளு காத்திருக்கும்.”

உலகம்மை எழுந்தார். முகம் கறுத்திருந்தது. ராகேல் வராந்தாவில் அவரை மறித்தாள். “எனக்கு ஒரு பதிலு பாக்கி இருக்கு, டீச்சரே.”

“இருக்கு” என்றார் உலகம்மை. வகுப்புக்குள் போனார். ஒட்டுப்புல் இருந்த வலது கையை மூடியபடியே வைத்துக்கொண்டு, சாக்குக்கட்டியை இடது கையில் எடுத்தார். கடைசி மணி அடிக்கும் வரைக்கும் கோணல் கோணலாக, இடது கையாலேயே கணக்குகளை எழுதிக்கொண்டிருந்தார்.