உபதேசியார் காட்டாத வசனம்

பலாபத்வலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் சொன்னார், சவரிமுத்து உபதேசியார் தவறிப்போய்விட்டார் என்று. "சும்மா சொல்லாதீங்க" என்று அவரோடு சண்டைக்கே போய்விட்டேன். தோட்டப் பள்ளியில் நானும், கோயில் செபத்தையும் பார்த்துக்கொண்ட உபதேசியாரும் ஒன்றாகப் படிப்பித்தவர்கள்.

அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய கேள்வி மறந்திருக்காது: "வேதத்துல எங்கங்க இருக்கு? காட்டுங்க." கிறிஸ்து பிறப்பைக் காட்டும் நத்தார் நாடகத்துக்குத் தேயிலைப் பெட்டி ஈயத்தாளில் மூன்று கிரீடம் வெட்டி வைத்திருந்தோம். வந்து பார்த்தார். "ஞானிங்க வந்தாங்கன்னுதான் இருக்கு. ராசான்னும் இல்ல, மூனு பேருன்னும் இல்ல." மூன்றாவது ராசாவாக நடிக்க இருந்தவன் பெரிய கங்காணியின் மகன்! மகனின் வேஷம் போன கோபத்தில் கங்காணி கொஞ்ச நாள் கோயில் பக்கமே வரவில்லை. உபதேசியார் அசைந்தாரா என்ன!

என் முதல் பிள்ளை பிறந்த அன்றே இறந்தான். ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. வழக்கப்படி கல்லறை வேலிக்கு வெளியே புதைத்தார்கள். "அந்த மாதிரிப் பிள்ளைக்கு மோட்சம் இல்ல, வேதத்திலயே இருக்கு" என்று என் காதுபடவே பேசினார்கள். சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தேன். உபதேசியார் வாசலில் வந்து நின்றார். "அது எங்கயும் இல்லங்க டீச்சர். ‘பெயரில்லாத பிள்ளைக்கு நானே பெயர் வைப்பேன்’னு ஆண்டவர் சொல்றாரு. அதுதான் இருக்கு." அன்றைக்கு எழுந்து சாப்பிட்டேன்.

அவருடைய முப்பத்தோராம் நாள் செபத்தில் அந்த வசனத்தை வாசிக்க ஆசைப்பட்டு வேதாகமத்தைப் புரட்டினேன். அகப்படவில்லை. மாத்தளையில் பங்குச் சுவாமியாரிடம் கேட்டேன். "அப்படி ஒரு வசனம் இல்லையே, மகள்" என்றார். ஊரையெல்லாம் காட்டச் சொன்னவர் என்னிடம் மட்டும் ஏன் இப்படி? மறந்துபோய் மாற்றிச் சொன்னாரா? தெரிந்தே சொன்னாரா? கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

பொறுக்காமல் அவர் மனைவி திரேசம்மாவிடம் போய், இந்த வசனம் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாமங்களா டீச்சர்? எங்க மூத்ததும் ஞானஸ்நானம் இல்லாமத்தான் போச்சு. இதச் சொல்லித்தான் அவரு என்னைய எழுப்புனாரு. ஏன், வேதத்துல இல்லையா?"

"இருக்குங்கக்கா" என்றேன்.

திரேசம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த நீங்கள் யாரும் நான் எழுதியிருக்கும் இதை அவருக்கு வாசித்துக் காட்டித் தொலைக்காதீர்கள்.

உபதேசியார் செய்தது சரியா, தப்பா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அந்த வசனத்தை நான் விடப்போவதில்லை. விட்டுவிட்டால் என் பிள்ளையை எங்கே வைப்பேன்?