கல் எறியாத கூட்டம்

கூட்டம் சேர்த்துக் கொடுப்பது என் தொழில். திண்டுக்கல், தாடிக்கொம்பு, நிலக்கோட்டை வட்டாரத்தில் யாராவது படம் எடுக்க வந்தால், திருவிழாக் கூட்டமோ சாவு வீட்டுக் கூட்டமோ பஞ்சாயத்துக் கூட்டமோ எது வேண்டுமென்றாலும் புரொடக்‌ஷன் மேனேஜர் எனக்குத்தான் போன் போடுவார். "மேரியக்கா, நாளைக்குக் காலையில அம்பது பேர்" என்பார். காலையில் ஐம்பது பேர் சீவிச் சிங்காரித்து நிற்பார்கள். அவர்கள் தலையைக் கலைத்துவிட்டு அழுக்குச் சேலை கட்ட வைப்பதுதான் பெரும்பாடு.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியே ஆள் பிடித்துவிடுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டம் என்பது தலைகளின் எண்ணிக்கை மட்டுமல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆக்‌ஷன் சொன்னார்கள், ஆள் அசையவில்லை

தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர் எல்லையில் கேமரா வைத்தாயிற்று. அந்த ஊர்க்காரர்களையே கூட்டமாக நிறுத்தியிருந்தேன், அத்தனை பேர் கையிலும் தெர்மோகோலில் செய்து சாம்பல் வண்ணம் அடித்த கற்கள். எதிரே கதிரேசன் என்கிற நடிகர் நிற்கிறார். கதைப்படி அவர் பிழைப்புத் தேடி அந்த ஊருக்கு வந்த வெளியாள். முகமெல்லாம் வெண்புள்ளி. அவரால் சாமி குற்றம் வந்துவிட்டதென்று ஊரே கல்லெறிந்து அவரை எல்லைக்கு அப்பால் விரட்ட வேண்டும். படத்தின் உயிரே அந்த சீன்தான்.

"ரோல் கேமரா, ஆக்‌ஷன்!" என்றார் டைரக்டர்.

ஒரு கல்கூடப் பறக்கவில்லை. எல்லோரும் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, கோயில் பிரசாதத்துக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

டைரக்டர் சென்னைக்காரத் தம்பி. மைக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். "என்னக்கா இது? தெர்மோகோல் கல்லுதான்க்கா! பூ மாதிரி!"

முன்வரிசையில் நின்ற ராசாத்திதான் பதில் சொன்னாள். "பூவா இருந்தாலும் எறியுறது எறியுறதுதான தம்பி?"

இந்த வம்பு எப்படி வந்தது என்று புரிய வேண்டுமானால் முதல் நாளுக்குப் போக வேண்டும்.

முதல் நாள் நடிப்பு

கதிரேசன் கடலூர்ப் பக்கத்துக்காரர். மேடை நாடகத்தில் ஊறியவர். அவர் முகத்தில் இருந்தது மேக்கப் அல்ல, நிஜமான வெண்புள்ளி. உதட்டைச் சுற்றி, கண்ணைச் சுற்றி, இரண்டு கைகளிலும் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கும். அதற்காகவே டைரக்டர் அவரைத் தேடிப் பிடித்திருந்தார். அதுவரை படங்களில் ஓரமாக வந்து போனவருக்கு இதுதான் முதல் பெரிய வேஷம்.

முதல் நாள் காலையில் அவரை அழைத்துக்கொண்டு ஊர் டீக்கடைக்குப் போனேன். எனக்குக் கண்ணாடி கிளாஸில் டீ வந்தது. அவருக்குப் பேப்பர் கப்பில் வந்தது. கடைக்காரர் முகத்தில் கோபமோ வெறுப்போ கிடையாது, சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராசாத்தி டீ வாங்கக் கொண்டுவந்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஏதோ வேலை ஞாபகம் வந்தவள்போல அடுத்த பெஞ்சுக்குப் போனாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏக்கா, இது ஒட்டுமா?" என்றாள்.

"ஒட்டாதுடி. தொட்டாலும் ஒட்டாது, ஒண்ணாச் சாப்பிட்டாலும் ஒட்டாது. டாக்டருகளே சொல்லியாச்சு" என்றேன்.

"அதுக்கில்லக்கா, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு முழம் தள்ளிப் போனாள்.

எத்தனையோ படங்களுக்குக் கூட்டம் கொடுத்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். சினிமாவில் வித்தியாசமான ஆள் ஊருக்குள் வந்தால் கல் வரும். நிஜத்தில் கல் வராது, பேப்பர் கப் வரும். கல்லைப் படம் எடுப்பது சுலபம். பேப்பர் கப்பைப் படம் எடுக்க இன்னும் யாருக்கும் வரவில்லை.

கதிரேசன் அந்த டீயைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். "நல்லா இருக்குண்ணே" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். நான்தான் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தேன்.

நிஜமாகக் கட்டவா, ஒப்புக்குக் கட்டவா

அன்றைக்கு எடுத்த சீன், திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவது. காளியம்மன் கோயில் வாசலில் ஊரே வரிசையாக நிற்கும். பூசாரி ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருவார். வரிசையில் நிற்கும் வெளியாளுக்கும் அவசரத்தில் ஆளைக் கவனிக்காமல் கட்டிவிட்டு, பிறகு நிமிர்ந்து பார்த்துப் பதறுவார். இதுதான் கதை.

எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்று டைரக்டர் கேட்டதால் அந்தக் கோயில் பூசாரியையே கொண்டு வந்தேன். அவர் ஒழுங்கான மனிதர். கயிற்றைக் கையில் எடுத்ததும் கேட்டார்.

"தம்பி, நெசமாக் கட்டவா, ஒப்புக்குக் கட்டவா?"

"நெசமாவே கட்டுங்க சாமி. அப்பத்தான் முகத்துல பக்தி வரும்" என்றார் டைரக்டர்.

பூசாரி அம்மனைக் கும்பிட்டு, மஞ்சள் தடவி, முறைப்படி கட்டினார். கதிரேசன் கையிலும் அப்படியே கட்டினார். ஷாட் பிரமாதமாக வந்தது. எல்லோரும் கை தட்டினோம்.

சாயங்காலம் கதிரேசன் திண்டுக்கல் லாட்ஜுக்குக் கிளம்பும்போது பூசாரி காரை மறித்தார். "எங்க போறாரு? காப்புக் கட்டுனவரு ஊரு எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாதுல்ல."

"அது சினிமாங்க" என்றார் மேனேஜர்.

"சினிமாவுக்குன்னா ஆத்தா கண்ண மூடிக்கிருவாளா? நெசமாக் கட்டுங்கன்னு நீங்கதான சொன்னீக?"

ஊரே பூசாரி பக்கம் நின்றது. கதிரேசன் ஊரில் தங்க வேண்டியதாயிற்று. ஆனால் எந்த வீட்டில் என்று கேட்டபோது அத்தனை பேரும் கோயில் கோபுரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ராசாத்தி வீட்டுக்காரர் பாண்டி, "நம்ம வீட்டு முன் ரூம்பு காலியாத்தான கெடக்கு" என்று வாயைவிட்டார். ராசாத்தி அவரை முறைத்த முறையில் மாடு கன்று போட்டிருக்கும். ஆனால் காப்பு விஷயமாயிற்றே, மறுத்துப் பேச முடியவில்லை.

மழை

மறுநாளிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. யூனிட் முழுக்க லாட்ஜில் முடங்கிக் கிடந்தது. கதிரேசன் மட்டும் ராசாத்தி வீட்டில். மழை விட்டதா என்று பார்க்க நான் தினமும் போய் வந்தேன். அதனால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் வேளை சாப்பாடு ரூமுக்குள் தனித் தட்டில் போனது. அடுத்த நாள், "தொட்டுக்க என்னக்கா?" என்று கதிரேசன் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டார். அதற்கடுத்த நாள் அவரே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நாடகக்காரர் இல்லையா, வாய் ஓயாது. ராஜா மாதிரியும் பேசுவார், ராணி மாதிரியும் பேசுவார். பாண்டி குறட்டை விடுவதை அப்படியே செய்து காட்டியபோது ராசாத்தி சிரித்த சத்தம் தெருமுனை வரை கேட்டது. மழையில் வேலை வெட்டி இல்லாத ஊர் அந்த வீட்டில் கூடிவிட்டது. டீக்கடைக்காரரும் வந்தார்.

ஒரு நாள் யூனிட்டிலிருந்து எல்லோருக்கும் பிரியாணி வந்தது. கதிரேசன் ஆசையாகப் பொட்டலத்தைப் பிரித்தார். ராசாத்தி வெடுக்கென்று பிடுங்கினாள். "ஏலே, காப்புக் கையோட பிரியாணி திங்கப் பாத்தியே! கூறு இருக்கா ஒனக்கு?"

வாங்க போங்க எப்போது வாலே போலேயாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. கதிரேசன் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

அவிழ்ப்பதும் கட்டுவதும்

மழை விட்டு எடுக்க வந்த சீன்தான் அந்தக் கல்லெறி. ஒருவரும் எறிய மாட்டேன் என்கிறார்கள்.

பூசாரி தீர்ப்பே சொல்லிவிட்டார். "காப்புக் கட்டுனவன எல்லை தாண்டி வெரட்டுனா ஊருக்கு ஆகாது."

டைரக்டர் தலையில் கை வைத்தார். மழையில் நாள் போனதில் தயாரிப்பாளர் ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தார். இன்றைக்குள் முடியாவிட்டால் பேக்கப், அந்த சீனே வேண்டாம், ஊரை விட்டுப் போய்விட்டான் என்று வசனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று போனில் கத்திவிட்டிருந்தார். வெயிலும் சாய ஆரம்பித்திருந்தது.

கதிரேசன் ராசாத்தியிடம் வந்தார். "அக்கா, இந்த சீன் இல்லன்னா இந்தப் படத்துலயும் நான் சும்மா வந்துட்டுப் போற ஆளுதான். எத்தனை வருஷமா காத்துக் கெடந்தேன் தெரியுமா? நீங்க நல்லா அடிச்சாத்தான்க்கா நான் நடிகன்."

ராசாத்தி பூசாரியைப் பார்த்தாள். "காப்ப அவுத்துப்புட்டா எறியலாமா?"

பூசாரி கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டார். "மஞ்சத்தண்ணி ஊத்தி, ஆத்தாகிட்ட சொல்லிட்டு எல்லாருக்கும் அவுக்கலாம். தப்பில்ல."

"ஐயோ, கன்டினியூட்டி! கையில காப்பு இருக்கணும்" என்று அலறினார் டைரக்டர். ஆர்ட் டிபார்ட்மென்ட் பையன்கள் வெள்ளைக் கயிற்றுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தார்கள். பூசாரி மோந்து பார்த்தார். "இது வெறும் கயிறு. இதக் கட்டிக்கிட்டு என்னவேணாலும் செய்ங்க."

அடுத்த சிக்கல். மஞ்சள் தண்ணீரை முறைக்காரர்கள்தான் ஊற்ற வேண்டும். மாமன், மச்சான், கொழுந்தியாள் என்று கேலி செய்யும் உறவு வேண்டும். "இவருக்கு இங்க யாரு முறை?" என்றார் பூசாரி.

ராசாத்தி முந்தானையை இழுத்துச் செருகினாள். "என் வீட்டுல தங்குனான், என் கையால தின்னான். எனக்குத் தம்பி."

"அப்ப எங்களுக்கு மச்சான் முறைதான!" என்று அவளுடைய நாத்தனார்கள் இரண்டு பேர் குடத்தோடு பாய்ந்தார்கள். பாண்டியும் ஒரு வாளியைத் தூக்கினார். காஸ்ட்யூம்காரர் "சட்டை, சட்டை!" என்று கதற, கதிரேசன் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு ஓடினார். விரட்டி விரட்டி ஊற்றினார்கள். கல்லெறிந்து விரட்ட வேண்டிய அதே பாதையில்தான் விரட்டினார்கள்.

நனைந்து வந்து என் பக்கத்தில் நின்றார். கண் சிவந்திருந்தது. "எங்க ஊர்ல மஞ்சத்தண்ணி அன்னிக்கு என்னை வீட்டுக்குள்ள இருக்கச் சொல்லிடுவாங்கக்கா. என் மேல யாரும் ஊத்தினதே இல்ல" என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

டேக்

முகம் துடைத்து, சட்டை மாட்டி, பெயின்ட் கயிறு கட்டி எல்லாம் தயார். இப்போது கல் பறந்தது. ஆனால் பிள்ளைக்குப் பந்து போடுவதுபோல் போட்டார்கள். சிலர் சிரித்தும்விட்டார்கள். கட், கட், கட். வெளிச்சம் இறங்கிக்கொண்டே போனது.

கதிரேசன் மறுபடியும் ராசாத்தியிடம் வந்தார். கோபமே இல்லாத குரலில் மெதுவாகச் சொன்னார். "அக்கா, ஒண்ணும் நடிக்க வேணாம். மொத நாளு டீக்கடையில என்னை ஒரு பார்வை பாத்தீங்களே, அப்படிப் பாத்துட்டு எறிங்க. போதும்."

ராசாத்தியின் முகம் கறுத்துவிட்டது. பின்னால் நின்ற டீக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கதிரேசன் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. முதல் நாள் யாரும் சொல்லித் தராமலே செய்ததை, இப்போது சொல்லிக் கொடுத்தும் செய்ய வரவில்லை.

"ஆக்‌ஷன்!"

ராசாத்தி பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தாள். கண்ணில் நீர் கோத்து, உதடு துடித்து, அப்படி ஒரு முகம். அவளைப் பார்த்து மற்றவர்களும் எறிந்தார்கள். கதிரேசன் எல்லைக்கல்லைத் தாண்டி விழுந்து எழுந்து ஓடினார். ஒரே டேக்.

கட் சொன்ன அடுத்த நிமிடம் ராசாத்தி ஓடிப்போய் அவர் தலையில் ஒட்டியிருந்த தெர்மோகோலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். "மேல பட்டுச்சாலே? வலிச்சுச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தெர்மோகோல் வலிக்காது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

தியேட்டரில்

படம் வந்ததும் எல்லோரையும் வேனில் ஏற்றித் திண்டுக்கல்லில் பார்க்க வைத்தேன். கதிரேசனும் வந்திருந்தார். கல்லெறி சீனில் ராசாத்தியின் முகம் திரை முழுக்க வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பின் சீட்டில் ஒருவன், "யார்றா இந்தப் பொம்பள, ராட்சசி" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கதிரேசன் திரும்பி, "எங்க அக்காடா" என்றார்.

அவர் இப்போது வருஷா வருஷம் காப்புக் கட்டுக்கு வந்துவிடுகிறார். டீக்கடையில் அவருக்குக் கண்ணாடி கிளாஸ்தான். கடைக்காரர் அதைப் பளபளவென்று விளக்கித் தருகிற வேகத்தில் ஒரு நாள் உடைந்தே போகும்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டிய பாடம் ஒன்றுதான். கதையில் வெளியாளை ஊர் விரட்டுகிற சீன் இருந்தால், டைரக்டரிடம் சொல்லி அதை முதல் நாளே எடுத்து முடித்துவிடுங்கள். நாலு வேளை சேர்ந்து சாப்பிட்டுவிட்டார்கள் என்றால், பிறகு எந்தக் கூட்டத்தை வைத்தும் அதை எடுக்க முடியாது.