கண்மாய் மாதிரி ஒரு கடல்

எங்கள் வீட்டில் வெளியூர் போவதென்றால் முதலில் பார்ப்பது பஸ் நேரத்தையோ அப்பாவின் லீவையோ அல்ல. அடுப்படிச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரைத்தான். அதில் சில தேதிகளின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி இருக்கும். அது அம்மாவின் மாதவிலக்குத் தேதி. அந்தப் புள்ளியிலிருந்து முன்னும் பின்னும் எண்ணித்தான், எந்தக் கல்யாணத்துக்கு அவள் வரலாம், எந்தக் கோயிலுக்கு வரக்கூடாது என்பது முடிவாகும். நான் வயதுக்கு வந்த பிறகு எனக்கும் ஒரு சின்னப் பெருக்கல் குறி சேர்ந்துகொண்டது. அப்பாவும் அண்ணனும் அதே காலண்டரில்தான் அமாவாசை பார்ப்பார்கள். அந்தக் குறிகள் எதற்கென்று தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொள்வார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரை கே.கே. நகரில் வாடகை வீடு. அப்பாவுக்கு அரசாங்க ஆபீஸில் வேலை. நான் ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்திருந்தேன். அண்ணன் பிளஸ் டூ எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை தனக்கு யாரும் புத்தி சொல்லக்கூடாது என்ற தோரணையில் திரிந்தான். அந்த லீவில்தான், அதுவரை எங்களை அழகர்கோயிலுக்கு அப்பால் கூட்டிப் போயிராத அப்பா, "ஒரு கார் பிடிச்சு மூணு நாள் சுத்திட்டு வருவமா?" என்றார். எங்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிடவில்லை. அவருடைய அக்கா, அதாவது எங்கள் அத்தை, மகனுக்கு வேலை கிடைத்தால் சுசீந்திரம் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாக வேண்டியிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது. அத்தை, மாமா, நாங்கள் நான்கு பேர், டிரைவர். ஓர் அம்பாசடருக்கு ஏழு பேர்.

சுசீந்திரம் வரை போனால் கன்னியாகுமரி கூப்பிடு தொலைவு. அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா கொட்டாம்பட்டிப் பக்கம் பிறந்தவள். அவள் பார்த்த பெரிய தண்ணீர் அவளுடைய ஊர்க் கண்மாய்தான். மதுரைக்கு வாக்கப்பட்டு வந்து பார்த்த வைகையில் பாதி வருஷம் மணல்தான் ஓடும். கடலை அவள் பார்த்ததே இல்லை. ஒருநாள் அண்ணனிடம், "ஏண்டா, கடல்னா நம்ம ஊர்க் கம்மா மாதிரி எத்தனை கம்மா இருக்கும்?" என்று கேட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "சிரிங்க, சிரிங்க. நேர்ல பாத்துட்டு நானே எண்ணிக்கிறேன்" என்றாள்.

திட்டம் முழுவதும் அம்மா போட்டதுதான். என் பழைய ரஃப் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில், எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு, எங்கே காபி, எங்கே தங்கல் என்று குண்டு குண்டாக எழுதினாள். போகும்போது திருமங்கலம், டி. கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோயில், இரவு திருநெல்வேலி. மறுநாள் சுசீந்திரம், சாயங்காலம் கன்னியாகுமரி. திரும்பும்போது கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர். போன ரோட்டிலேயே திரும்பி வரக்கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். "இன்னொரு தடவை யாரு நம்மளக் கூட்டிட்டுப் போகப் போறா? ரெண்டு ரோட்டையும் பாத்துருவோம்" என்றாள்.

எல்லாருக்கும் ஆளுக்கொரு ஆசை இருந்தது. அண்ணனுக்குத் திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலை. "உன்ன அங்க விட்டுட்டு வரவா?" என்று கேட்டு மாமா அதை அடித்தார். எனக்குக் குற்றாலம். "மே மாசத்துல அங்க என்னத்த இருக்கு? பாறையத்தான் பாக்கணும்" என்று அதையும் அவரே அடித்தார். அம்மா முதலில் ஆசைப்பட்டது சித்ரா பௌர்ணமி. அன்றைக்குக் கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் விழ, மறுபக்கம் நிலா எழும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். ஆனால் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் மதுரையை விட்டு யார் கிளம்புவார்கள்? வீடு கொள்ளாத விருந்தாள் வருகிற நேரம் அது. "சரி, நிலா வேணாம். சூரியன் போதும்" என்று அம்மா இறங்கி வந்தாள். திருவிழா முடிந்து பத்து நாள் கழித்து அப்பாவுக்கு லீவு கிடைத்தது.

அந்தத் தேதியின் மூலையில் அம்மாவின் புள்ளி இருந்தது.

தேதியை மாற்றச் சொல்லி அவள் கேட்டாள். அப்பா, "லீவு என்ன எங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்றார். அத்தைக்கு அது தெரிந்ததும், "மெடிக்கல்ல மாத்திரை விக்கிது. தள்ளிப் போட்டுக்க" என்று வழி சொன்னாள். பத்து நாள் அம்மா அந்த மாத்திரையை விழுங்கினாள். தலைச்சுற்றல், வாந்தி. சாதத்தைக் கண்டாலே குமட்டியது. ஆனாலும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மாத்திரை போட்டுவிட்டு, நோட்டை எடுத்து இன்னொரு தரம் படித்துப் பார்ப்பாள். எனக்கும் வாங்கித் தரச் சொன்னேன். என் தேதி ஒழுங்கில்லாதது, எப்போது வேண்டுமானாலும் வரும். "சின்னப்பிள்ளைக்கு அதெல்லாம் கூடாது. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிரும்" என்று மறுத்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாளே அத்தையும் மாமாவும் வந்துவிட்டார்கள். உள்ளறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நானும் அம்மாவும் அடுப்படியை ஒட்டிய இடத்தில் ஒரே ஜமுக்காளத்தில் படுத்தோம். அம்மா சீக்கிரமே எழுந்து புளியோதரை கிளறி, இட்லிக்குப் பொடி தடவி, வாழையிலையில் கட்டிக்கொண்டிருந்தாள். நான் எழுந்தபோது எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கொல்லைப்புறம் ஓடிக் குளியலறையில் நின்று அழுதேன்.

அம்மா பின்னாலேயே வந்தாள். நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. துணியை எடுத்துக் கொடுத்தாள். "வாயைத் திறக்காத. முகத்தைக் கழுவிட்டுப் போயி வண்டியில ஏறு" என்றாள்.

"கோயிலுக்குப் போறோமேம்மா. சாமி குத்தம் ஆகாதா?"

"மீனாட்சி மட்டும் என்ன, அவளும் பொம்பளதான? எல்லாம் அவளுக்குத் தெரியும். நான் பாத்துக்கிறேன்."

அத்தோடு முடிந்திருக்கும். நாங்கள் உள்ளே வந்தபோது அத்தை எங்கள் ஜமுக்காளத்தைச் சுருட்டக் குனிந்திருந்தாள். ஒருநாளும் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாதவள், அன்றைக்குப் பார்த்து உதவி செய்யக் கிளம்பியிருந்தாள். எங்கள் இருவரின் தலையணைக்கும் நடுவே கொஞ்சம் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. அத்தை கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"யாருக்கு?"

என் பாவாடை கரும்பச்சை. ஒன்றும் தெரியாது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் வாய் திறக்க எனக்குப் போதுமான நேரம் இருந்தது. அது மட்டும் நிச்சயம்.

"எனக்குத்தான் மதினி" என்றாள் அம்மா.

"மாத்திரை போட்டுமா நிக்கல?"

"நிக்கல."

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெகு சுலபமாக நடந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அப்பா, "என்ன செய்ய? அடுத்த வருஷம் பாத்துக்கிருவம்" என்றார். பிறகு, "என் வெள்ளை வேட்டிய எந்தப் பையில வச்ச?" என்று கேட்டார். அண்ணன் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டான், கார் வந்ததும் முன் சீட்டுக்கு ஓடினான். கட்டி வைத்திருந்த புளியோதரையையும் இட்லியையும் அத்தை எடுக்க விடவில்லை. விலக்கானவள் கை பட்ட சோற்றைக் கோயிலுக்குப் போகிற வண்டியில் ஏற்றுவதா? வழியில் ஓட்டலில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அம்மா கொல்லை வாசற்படியில் தள்ளி உட்கார்ந்திருந்தாள். ரஃப் நோட்டை மட்டும் தரையில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். "டிரைவர்கிட்ட அப்பப்பப் பாத்துச் சொல்லு. காலையில அஞ்சரைக்கெல்லாம் கடற்கரையில நிக்கணும்" என்றாள்.

அம்மா இல்லாததால் பின் சீட்டில் காலை நீட்டி உட்கார இடம் கிடைத்தது. மாமா அதைச் சொல்லியும் காட்டினார்.

டி. கல்லுப்பட்டியில் காபி, ஸ்ரீவில்லிபுத்தூரில் தரிசனம், சங்கரன்கோயிலில் தரிசனம். எல்லாம் நோட்டில் எழுதிய நேரத்துக்குக் கால் மணி முன்னே பின்னேதான். அம்மா போட்ட கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. மறுநாள் சுசீந்திரத்தில் அர்ச்சனைத் தட்டை அத்தை என் கையில்தான் கொடுத்தாள். "உங்கம்மா வரலேன்னாலும் நீ பொறுப்பா இருக்கத்தா" என்று கன்னத்தைத் தடவினாள். அதே கையால் விபூதியும் பூசிவிட்டாள். வடைமாலையில் பிய்த்துக் கொடுத்த வடையைத் தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் கை பட்ட சோற்றுக்கு வந்த தீட்டு என் கையில் இருந்த தட்டுக்கு வரவில்லை. இதற்காகவா என் அம்மா வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்த மண்டபத்தில் நின்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. எனக்குக் கடல் வேண்டியிருந்தது.

சுசீந்திரத்தில் நேரமாகிவிட்டதால் கன்னியாகுமரிக்கு இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கு எல்லாரையும் எழுப்பிக் கடற்கரையில் நிறுத்தினேன். கடலை எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் எழுதிப் பழகிய பிறகும் அந்த முதல் பார்வையை எனக்கு எழுத வரவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை கரை இல்லை. சூரியன் தண்ணீரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். "பிள்ளைக்கு எம்புட்டு பக்தி பாரு" என்று அத்தை மாமாவிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பினோம். நோட்டில் இருந்தபடி கோவில்பட்டி ரோட்டில்தான். அம்மா கொல்லை வாசற்படியில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அத்தைக்காக அந்த வேஷத்தை இன்னும் போட வேண்டியிருந்தது. அத்தை குங்குமப் பொட்டலங்களைக் கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் வைத்தாள். "தலைக்கு ஊத்துன பிறகு எடுத்துக்க" என்றாள். அம்மா தலையாட்டினாள்.

எல்லாரும் உள்ளே போனதும் நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். நாங்கள் விட்டுப் போன இட்லியும் புளியோதரையும். ஆறு பேர் சோறு, இரண்டு நாள் வந்ததாம். "நீங்க போனதும் கதவைச் சாத்திட்டு ராஜா மாதிரி இருந்தேன்" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கடல் எப்படிடி இருந்துச்சு?"

அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. உள்ளதைச் சொன்னால், அவள் எதை எனக்குக் கொடுத்தாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

"ஒண்ணுமில்லம்மா. உங்க ஊர்க் கம்மா மாதிரிதான் இருக்கு. கொஞ்சம் பெருசு, அம்புட்டுத்தான்."

"அப்படியா?" என்றாள். "அப்ப சரி."

நாலைந்து நாள் கழித்து அம்மாவுக்கு நிஜமாகவே விலக்கு வந்தது. அத்தை ஊருக்குப் போயிருந்தாள். அம்மா யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போலச் சமைத்தாள், விளக்கேற்றினாள். அப்பா மூன்று வேளையும் ருசித்துச் சாப்பிட்டார். அவருக்கு ஒரு வயிற்றுவலிகூட வரவில்லை. காலண்டரில் அந்த மாதம் மட்டும் அம்மா புள்ளி வைக்கவில்லை.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு லீவு இல்லை. அதற்கடுத்த வருஷம் அண்ணனின் காலேஜ் செலவு. அதற்கடுத்த வருஷம் அந்தப் பேச்சே எழவில்லை. எண்பதுகளின் கடைசியில் எனக்கு வெளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர் வேலை கிடைத்தது. முதல் முழுப்பரீட்சை லீவில் வீட்டுக்கு வந்ததும், "கிளம்பும்மா. நாம ரெண்டு பேரு மட்டும் கன்னியாகுமரி போறோம். கோயில் கிடையாது, கடல் மட்டும்தான்" என்றேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"முழங்கால் வலியோட நான் எங்க வர? நீதான் பாத்துட்டு வந்து சொன்னியேடி, எங்க ஊர்க் கம்மா மாதிரிதான்னு. எங்க ஊர்க் கம்மாய நான் பாத்திருக்கேன்ல."

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம், நான் சொன்னது பொய்யென்று. எதிரில் உட்கார்ந்து அவளோடு கீரை ஆய்ந்தேன். அவள் சாகும்வரை நான் அதைச் சொல்லவில்லை.