பொட்டுக்கு இரண்டு விரல் மேலே

போன வாரம் என் மனைவியின் உச்சந்தலையில் ஒரு பந்தை எறிந்தேன்.

அவள் கேட்டுத்தான் எறிந்தேன். ஆனாலும் அது டொப்பென்று விழுந்து பக்கத்துக் காலி மனைக்கு உருண்டு போனதும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அப்படி இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். முதல் முறை எப்போது என்று கேட்காதீர்கள்.

கட்டின மனைவி மேல் பந்து எறிகிற நிலைமைக்கு ஒருவன் எப்படி வருகிறான்? அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மகள் கோமதி ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளி ஃபுட்பால் டீமில் பேக் ஆடுகிறாள் — எதிர் டீம் கோல் போடாமல் தடுக்கிற இடம். காலுக்கு வரும் பந்தை விடவே மாட்டாள். தலைக்கு வந்தால்தான் தகராறு. கண்ணை இறுக மூடிக்கொள்வாள், தோளைக் குறுக்கிக்கொள்வாள். பந்து அதன் இஷ்டத்துக்கு எங்காவது விழும்.

மூன்று வாரத்துக்கு முன்னால், மழை தூறி நின்ற ஒரு சாயங்காலம், பந்து அவள் உச்சந்தலையில் விழுந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

என் மனைவி சாந்தா அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். கட்டட வேலையில் சித்தாள் அவள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் வீடு வீடாக எழும்புகிறது. அதில் பல வீடுகளுக்குக் கலவை இவள் தலை மேல்தான் ஏறியிருக்கிறது.

"இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. பந்து பட்டுடுச்சு."

"எங்க?"

"தலையில."

"பந்து காலால ஆடறதுன்னு சொன்னே?"

"தலையாலயும் ஆடணும்மா. ஹெட் அடிக்கறதுன்னு பேரு."

சாந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள் — அந்த ஆட்டத்தை நான்தான் கண்டுபிடித்த மாதிரி.

மறுநாள் டாக்டரிடம் காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை, நாலு நாள் ஆட வேண்டாம் என்றார். கோமதிக்கு அதுவே பெரிய தண்டனை. மாதக் கடைசி சனிக்கிழமை போளூர் பெண்களோடு மேட்ச். மைதான மூலையிலிருந்து கார்னர் கிக்காக வரும் உயரப் பந்தைத் தலையால் வெளியேற்றத் தெரியாவிட்டால் வேறு பெண்ணை இறக்கிவிடுவேன் என்று பி.டி. டீச்சர் சொல்லியிருந்தாராம்.

சாந்தா சொன்னது அதைவிடச் சுருக்கம்.

"நான் தலையில சுமக்கறதே நீ தலைய வச்சிப் படிக்கணும்னுதான். இன்னொரு வாட்டி தலையப் புடிச்சிக்கினு வா... அதோட பந்துக்கு முழுக்கு. ஷூவை வெந்நீர் அடுப்புல போட்டுடுவேன்."

சாந்தா சொன்னால் செய்வாள். கோமதி அன்று ஷூவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

நான் டெய்லர். எந்தக் கஷ்டம் வந்தாலும் என் கை முதலில் கத்தரிக்கோலுக்குத்தான் போகும். சித்தாள் வீட்டுக்காரனுக்குத் தலையில் கனம் என்றால் வேறென்ன ஞாபகம் வரும்? சும்மாடு. துணியைச் சுருட்டி உச்சியில் வைத்து அதன்மேல்தானே கலவைச் சட்டியை ஏற்றுகிறார்கள்?

கோட்டுத் தோளில் வைக்கிற ஸ்பாஞ்சை இரண்டு மடிப்பு வைத்தேன். கல்யாண ஜாக்கெட்டில் மிஞ்சிய மெரூன் வெல்வெட்டை மேலே போட்டேன். பின்னால் எலாஸ்டிக். தலையைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பட்டை. என் வாயாலேயே சொல்லக்கூடாது, தையல் அவ்வளவு சுத்தம்.

பட்டையோடு கோமதி கிரவுண்டுக்குப் போன அன்று, கடையை அரை மணி நேரம் சாத்திவிட்டு நானும் போனேன். உள்ளே போகவில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கும் பள்ளி கேட்டைப் பார்த்தால் லேட்டாக வந்துவிட்ட மாதிரியே இருக்கும். காம்பவுண்டு சுவருக்கு வெளியே ஒரு கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டேன்.

பந்து உயரமாக வந்தது. தலையில்தான் மெத்தை இருக்கிறதே என்கிற தைரியத்தில் கோமதி ஓடினாள். கண் மூடியேதான் இருந்தது. பந்து மறுபடியும் உச்சியில் பட்டது. பட்டை சரிந்து அவள் கண்ணை மூடிக்கொண்டது. அவள் திசை தெரியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏ கோமு, கண்ணாமூச்சியா ஆடறோம்?" என்றது ஒரு பெண்.

டீச்சர் ஓடிவந்து பட்டையைக் கழற்றி, தலை வலிக்கிறதா என்று முதலில் கேட்டார். பந்து மெதுவாக வந்ததால் வலி இல்லை. அப்புறம் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த டெய்லர்டி தச்சது? ஃபினிஷிங் நல்லா இருக்கே."

கோமதி சுவரைக் காட்டினாள். சுவருக்கு மேல் என் தலை மட்டும் இருந்தது. இறங்கி ஓட நேரம் இல்லை.

டீச்சர் சின்ன வயசுக்காரர். சுவர் ஓரமாகவே வந்து பேசினார்.

"அன்னிக்கி நடந்ததுல என் தப்பும் இருக்குங்க. மழையில ஊறின பந்து, கல்லு மாதிரி கனம். அதத் தலையில வாங்க விட்டிருக்கக் கூடாது. ஆனா பஞ்சு வச்சா பயம்தாங்க போகும். அடி போகாது."

நான் தலையாட்டினேன்.

"உச்சியில வாங்கக் கூடாது. நெத்தியில, முடி ஆரம்பிக்கிற எடத்துக்குக் கொஞ்சம் கீழ, தட்டையா இருக்கு பாருங்க... அங்கதான் படணும். கண்ணு பந்து மேல இருக்கணும். வாயை மூடிக்கணும், இல்லன்னா நாக்கைக் கடிச்சிப்பா. கழுத்து ஸ்டிஃபா இருக்கணும். பந்து இவள அடிக்கக் கூடாது, இவதான் போய்ப் பந்த அடிக்கணும்."

"சரிங்க டீச்சர்."

"வீட்ல லேசான பிளாஸ்டிக் பந்து வச்சி, கீழேர்ந்து மெதுவாப் போட்டுக் குடுங்க. ஒரு நாளைக்குப் பத்து. பதினொண்ணாவது வேணாம். தலை வலின்னா அன்னிக்கு அதோட நிறுத்திடுங்க."

கேட்க எனக்கு ஏழெட்டுக் கேள்வி இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு முறை "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கல்லிலிருந்து இறங்கினேன்.

வழியெல்லாம் ஒரே யோசனை. பிள்ளைக்கு ஆபத்து என்றதும் நாம் என்ன செய்கிறோம்? அதற்கும் பிள்ளைக்கும் நடுவில் எதையாவது வைத்துத் தைத்துவிடப் பார்க்கிறோம். கண்ணைத் திறந்து பார் என்று சொல்லித்தரத் தோன்றுவதில்லை. தைப்பது சுலபம்... அவ்வளவுதான்.

மஞ்சள் கலரில் ஒரு பிளாஸ்டிக் பந்து வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் பாடம் ஆரம்பமானது. மூன்று நாள், முப்பது பந்து. முப்பது முறையும் கோமதி கண்ணை மூடினாள்.

நாலாவது நாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் முகம் தெரியாது, சாந்தா கழற்றி ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுதான் தெரியும். அதில் ஒன்றை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்தாள். வழக்கமான இடத்தில் இல்லை. இரண்டு விரல் மேலே.

"எப்பவும் வைக்கற எடத்துல பந்து பட்டா மூக்கு போயிடும்ப்பா. டீச்சர் சொன்ன எடம் இதுதான். சரியாப் பட்டா பொட்டு பந்துல ஒட்டிக்கும். நீயே பாத்துக்கலாம்."

எறிந்தேன். ஒன்று காதில் பட்டது. ஒன்று உச்சியில். ஒன்று அவளைத் தொடாமலேயே போனது. பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

இதற்குள் சாந்தா நாலு நாளாகக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஒரு குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பந்தைப் பிடுங்கத்தான் வருகிறாள் என்று நான் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"அவ கழுத்தப் பாருங்க. வாடின கீரைத்தண்டு மாதிரி நிக்குது."

"பயமா இருக்கும்மா" என்றாள் கோமதி.

"இருக்கும். கேளு. ஒருத்தி சட்டியத் தூக்கி என் தலையில வைக்கறா. நான் பாட்டுக்குத் தொளதொளன்னு நின்னா இன்னா ஆவும்? கழுத்து உள்ள எறங்கிடும். அது வந்து உக்கார்ற வரைக்கும் நிக்கக் கூடாது. வர்றப்பவே நாம கொஞ்சம் ஏறி வாங்கிக்கணும். கழுத்து, முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே கம்பம் மாதிரி இருக்கணும். இன்னாத்துக்குக் கண்ண மூடற? சாரத்துல ஏறறவ கண்ண மூடுவாளா?"

டீச்சர் சொன்ன அதே விஷயம். டீச்சர் சொன்னபோது புரிந்த மாதிரி இருந்தது. சாந்தா சொன்னபோது புரிந்தது.

"போடுங்க எனக்கு ஒண்ணு" என்று முந்தானையை இடுப்பில் செருகினாள்.

இப்போது முதல் வரிக்கு வந்துவிட்டோம். போட்டேன். கண் திறந்திருந்தது, கழுத்து கம்பம் மாதிரி நின்றது, எல்லாம் சரி... ஆனால் இருபது வருஷப் பழக்கம், தலை என்றால் அவளுக்கு உச்சிதான். பந்து நேராக அங்கே விழுந்தது.

"எறியத் தெரியுதா உங்களுக்கு?"

கோமதி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அப்பா சரியாத்தான்மா போட்டாரு. உச்சியில வாங்கக் கூடாது. நெத்தியில."

"நெத்தியில பொட்டு இருக்குடி."

"அதான் எடத்த மாத்தணும்." அவளே அம்மாவின் பொட்டை எடுத்து இரண்டு விரல் மேலே ஒட்டினாள்.

"இது இன்னாடி, நெத்திக்கண்ணா?"

"சிவன் கோயில் இருக்கற ஊரு, இங்க யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்கம்மா."

இரண்டாவது பந்துக்குச் சாந்தா ஓர் அடி முன்னால் வந்து வாங்கினாள். நான் மெதுவாகப் போட்ட பந்து அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் என் நெஞ்சுக்குத் திரும்பி வந்தது. பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் பந்தின் மேல் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு.

கோமதியின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"எனக்குப் போடுப்பா."

அன்று அவள் கண்ணை மூடவில்லை. அவள் கணக்கில் ஒன்பதாவது பந்தில் பொட்டு ஒட்டியது. பத்தாவதில் ஒட்டவில்லை. "இன்னும் ஒண்ணுப்பா" என்றாள்.

"பத்து ஆயிடுச்சு. எடுத்து வையி" என்றாள் சாந்தா. இத்தனை நாள் பாத்திரம் தேய்த்தபடி எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

என் வெல்வெட் பட்டை கொடியில் தொங்கியது. அதை விரலால் அமுக்கிப் பார்த்து, "ஆட்டத்துக்குத்தான ஆவாது?" என்று எடுத்து மடித்துத் தன் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். வேங்கிக்காலில் வெல்வெட் சும்மாடு வைத்திருக்கிற சித்தாள் என் மனைவி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சனிக்கிழமை மேட்ச், கோமதி பள்ளி கிரவுண்டிலேயே. இந்த முறை நான் கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். சாந்தா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். ஆட்டம் ஆரம்பிக்கும்போது சுவருக்கு உள்பக்கம், காலில் காய்ந்த சிமென்ட்டோடு, என் பக்கத்தில் வந்து நின்றாள். மேஸ்திரியிடம் பாதி நாள் லீவு சொல்லிவிட்டாளாம்.

"ஆட்டம் பாக்க வரல. அவ தலையப் பாக்க வந்தேன்" என்றாள்.

கோமதி நெற்றியில் மேலே ஏறியிருந்த பொட்டைக் காட்டி போளூர்ப் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

பத்து நிமிஷம் இருக்கும். போளூருக்கு ஒரு கார்னர். பந்து உயர எழும்பி, கிரவுண்டுக்குப் பின்னால் தெரியும் மலைக்கு மேல் ஒரு புள்ளியாகத் தெரிந்து, கீழே இறங்கியது. கோமதிக்கு நேராக. இது பிளாஸ்டிக் பந்து இல்லை.

என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் சாந்தாவைப் பார்த்தேன். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது. கண்ணை மட்டும் சிமிட்டவில்லை.

டப்பென்று சத்தம் கேட்டது. திரும்பினேன். பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கோமதி தலையைப் பிடித்துக்கொள்ளவில்லை. பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க எங்களிடம் வந்தாள். சாந்தா அவள் முகவாயைப் பிடித்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். உச்சியை அமுக்கினாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"நெசமா?"

"நெசமாம்மா."

"பொட்டு எங்கடி?"

கோமதி நெற்றியைத் தடவிப் பார்த்தாள். "பந்தோட போயிடுச்சு போல."

சாந்தா சுருக்குப் பையில் பொட்டு அட்டையைத் தேடினாள். இல்லை. பொட்டில்லாமல் தெருக்குழாய்க்குக்கூடப் போகாதவள் அவள். தன் நெற்றியில் இருந்ததை நகத்தால் எடுத்தாள். கோமதியின் புருவ மத்தியில் இரண்டு விரலைப் படுக்க வைத்து அளந்து, அதற்கு மேலே ஒட்டி, கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கினாள்.

"போ. பாதி ஆட்டம் இருக்குது இல்ல?"

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று டிராவில் முடிந்தது. எங்கள் வீட்டுக் கண்ணாடியில் இப்போது பொட்டு இரண்டு வரிசையாக இருக்கிறது — கீழ் வரிசை சாந்தாவுக்கு, மேல் வரிசை பந்துக்கு.