செங்கல் பொடித் தடம்

ஞானதீபத்துக்கு அப்போது முப்பத்தாறு வயது. நாசரேத்துக்காரி. தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். பயிற்சிக் கல்லூரியில் நானூறு மீட்டரில் கோப்பை வாங்கியவள், வேலைக்கு வந்தபின் விசில் ஊதியதோடு சரி. கல்யாணம் அமையவில்லை. தம்பி செல்வதுரையோடு மில்லர்புரத்தில் குடியிருந்தாள்.

தம்பி துறைமுகத்தில் இன்ஜினீயர். புதுத் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் சேர்ந்து ஓட்டச் சங்கம் ஒன்று வைத்திருந்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் 'முயலாக' முன்னால் ஓடித் தடம் போடுவார். கால் மணி நேரம் கழித்து மற்றவர்கள் அந்தத் தடத்தைப் பிடித்துத் துரத்துவார்கள். முதலில் மைதா மாவைத் தூவிப் பார்த்தார்கள். உப்பளத்துப் பக்கம் மாவு எது, உப்பு எது என்று தெரியாமல் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். அப்புறம்தான் செங்கல் பொடி.

முடிவில் கடற்கரையில் விருந்து, பாட்டு, கேலி. அதற்குப் புளியோதரையும் பொரித்த மீனும் கட்டிக் கொடுப்பது ஞானதீபம். யார் வழி தவறினார், யார் சேற்றில் விழுந்தார் என்று தம்பி வந்து சொல்லச் சொல்ல, "பெறவு? பெறவு?" என்று தூண்டிக்கொண்டே இருப்பாள். அவன் தூங்கப் போனபின்னும் அவள் கால்கள் அடங்காது.

எழுபத்தேழு ஆகஸ்டில் செல்வதுரைக்கு முயல் முறை வந்தது. முந்தின நாள் படியில் சறுக்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது.

"சுந்தரராஜ் சார்ட்ட சொல்லி நிப்பாட்டிர வேண்டியதுதான்" என்றான். சங்கத் தலைவர் அவர்.

"எதுக்குலே நிப்பாட்டணும்? தடத்த நான் போடுதேன்."

"வெளாடாதக்கா. எல்லாம் ஆம்பளைக."

"அவங்க பின்னாலதான வாராங்க? முன்னால போறது யாருன்னு எப்படித் தெரியும்?"

 அவன் பொடிப் பையை அவள் பக்கம் நகர்த்தினான்.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு முத்தையாபுரத்துக்கு வெளியே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேன்வாஸ் ஷூவோடு ஓடத் தொடங்கினாள். உடைமரக் காட்டுக்குள் ஐம்பது எட்டுக்கு ஒரு பிடி பொடி தூவினாள். ஒரு பிரிவில் வேண்டுமென்றே ஆட்டுக்கிடைக்குப் பொய்த்தடம் போட்டாள். உப்பள வரப்பில் ஏறியபோது வெகு பின்னால் யாரோ கத்தினார்கள்: "தடம் இருக்கு!"

அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன்னைத் தேடித்தான் அத்தனை பேரும் வருகிறார்கள். நெஞ்சு எரிந்தது, சிரிப்பும் வந்தது. வேகத்தைக் கூட்டினாள். கடல் வரும்வரை அவளை யாராலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

கடற்கரையில் தம்பி வாடகைக் காரில் சாப்பாட்டோடு வந்து காத்திருந்தான். ஓடிவந்த சுந்தரராஜ் அவன் காலைப் பார்த்தார்.

"இந்தக் காலோடயா ஓடினீரு?"

செல்வதுரை அக்காவைப் பார்த்தான்.

"நான்தான் சார் போட்டேன்" என்றாள் ஞானதீபம்.

 யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். வழக்கப்படி முயலை நடுவில் நிறுத்திப் பாடினார்கள். ஆரஞ்சு கலர் சோடாவை ஒரே மூச்சில் குடிக்க வைத்தார்கள்.

"அடுத்த மாசமும் வரணும் டீச்சர். ஆட்டுக்கிடைக்கு நாங்க பழி வாங்கணும்லா" என்றார் சுந்தரராஜ்.

அடுத்த மாசம் ஓட்டம் நடக்கவில்லை. சுந்தரராஜுக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. பின்னாலேயே இன்னும் மூன்று பேருக்கு. மிஞ்சியவர்களைக் கூட்டிச் சேர்க்க ஆள் இல்லை.

ஞானதீபம் மட்டும் சில சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப்போய் அதே வரப்பில் ஓடினாள். நடுவில் நின்று, மூச்சை அடக்கிக் காது கொடுப்பாள். காற்றுதான் கேட்கும். கார்த்திகை மழையோடு போவதை விட்டுவிட்டாள்.

"ஏன்க்கா நிப்பாட்டிட்ட?" என்று தம்பி கேட்டான்.

"ஓடுறதுக்கு என்ன, ஓடலாம். தொரத்த ஆளு வேணும்லா" என்றாள்.