கிணற்றைக் கேணி என்று மாற்றி எழுதியவள்

இன்று காலை நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு டீச்சர் வந்தார். இரண்டு தாள்களை நீட்டி, "ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வர்ற மாதிரி அஞ்சு காப்பி எடும்மா" என்றார்.

ஒன்று, கோட்டுச்சேரிமேட்டு மீனவர்களின் வரலாறு பற்றி அவர் எழுதிய சிறு நூலின் பக்கம். மற்றது, எல்லோரும் சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் நான் புனைபெயரில் எழுதிய கட்டுரை. வரிக்கு வரி சிவப்புக் கோடு.

தாள்களை இயந்திரத்தில் வைத்தபடி கேட்டேன்.

"எதுக்குங்க டீச்சர்?"

"எவனோ என் புத்தகத்துல வார்த்தைய மட்டும் மாத்திப் போட்டுருக்கான். 'முதலில் கிணறு வெட்டினார்கள்'னு நான் எழுதுனா, 'முதலாவதாகக் கேணி தோண்டினர்'ங்கிறான். நாலு வருஷம் வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதுனதும்மா. வக்கீல்கிட்ட குடுக்கப் போறேன்."

கட்டுரையின் அடியில் அவர் நூலின் பெயரைக் குறிப்பிட்டிருந்தேன். அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன். வக்கீல் வரை போகும் என்று நினைக்கவில்லை. முதலாளி வேறு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பேசாமல் நகல்களைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஐந்தாவது தாள் வெளியே வந்தபோது என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"எவனோ இல்லைங்க டீச்சர். நான்தான்."

"நாளைக்குள்ள அந்தக் கட்டுரைய எடுத்துடு" என்றார். ஆனால் தாள்களைக் கிழித்துப் போடவில்லை. பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

கட்டுரையை அழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கடை வாசலில் யார் வந்து நின்றாலும் வக்கீலாகவே தெரிகிறார்கள்.

இந்தப் பதிவின் வரிகளாவது முழுக்க என்னுடையவை. பிழை இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள்.