கடலில்லாத ஊரில் போட்டுக் கடை

போட்டு, அதாவது படகு, விற்கிற தொழிலில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "அலுமினியமா, பைபரா?" என்பதுதான். இலங்கையின் நடுவில் கிடக்கிற மாத்தளை மாவட்டத்தில் விற்றால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கும்: "இங்க ஏது கடல்?" கடை வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில் சொல்லித் தொண்டை வறண்ட மகாசனங்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

கடல் இல்லைதான். ஆனால் குளங்கள் இருக்கின்றன, குளத்தில் மீன் இருக்கிறது, மீன் பிடிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். தம்புள்ளையில் மெயின் ரோட்டோரம் எங்கள் அப்பாவின் ஹார்ட்வெயார் கடை. பின்பக்கக் கொட்டிலில் பைபர் போட்டு செய்கிறவர் என் வீட்டுக்காரர் சூசை. ஊர் வடக்கே மன்னார்க் கரை. சண்டைப் பிரச்சினையில் ஓடிவந்து, வஹகோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தவரை அந்தோனியார் கோயில் திருநாளில் பார்த்து, நானாகவே வலிய மாட்டிக்கொண்டேன். அலுமினிய போட்டு கொழும்பிலிருந்து ரெடிமேடாக வரும். அதை விற்பது நான், பைபருக்கு வக்காலத்து வாங்குவது அவர். ஒரே கடைக்குள் இரண்டு கட்சி!

சூடான பெஞ்சு

மாத்தளை டவுன் ஹாஜியார் ஒருவர் குளத்தோரம் கெஸ்ட் ஹவுஸ் போட்டிருந்தார். சண்டை நேரம், வெள்ளைக்காரர் வருவதே அபூர்வம். வருகிற ஒன்றிரண்டு பேரையாவது போட்டில் ஏற்றிச் சுற்றிக் காட்டலாம் என்று ஆசைப்பட்டார். "அலுமினியம் எடுங்க ஹாஜியார். பாரமில்ல, ரெண்டு பேரு தூக்கிட்டுப் போயிறலாம், பெயின்ட் கூட அடிக்கத் தேவையில்ல" என்று நான் அளந்து விட்டேன். சூசை கொட்டிலுக்குள்ளிருந்து இருமினார்.

அவர் ஏன் இருமினார் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. உச்சி வெயிலில் ஒரு வெள்ளைக்கார அம்மா கட்டைக் கால்சட்டையோடு போட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, உட்கார்ந்த வேகத்திலேயே எழும்பி, குளத்துக்குள் விழப் பார்த்தாளாம். ஹாஜியார் சண்டைக்கு வரவில்லை. ஆற அமர இருந்து டீ குடித்துவிட்டுச் சொன்னார்: "போட்டு நல்லம்தான் தங்கச்சி. முட்டை பொரிக்கவும் தோதா இருக்குன்னு நீங்க முன்னமே சொல்லியிருக்கலாம்."

யானை மிதித்தது

கண்டலம குளத்து மீன்காரர் குணே ஐயா எங்கள் பைபர் வாங்கியவர். அவருடைய பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்தது அலுமினியம். கரையில் ஏற்றிவைத்திருந்த இரண்டையும் ஒரே யானை ஒரே இரவில் மிதித்துவிட்டுப் போனது. பைபரில் ஆள் தலை போகிற ஓட்டை. சூசை பைபர் பாயை வெட்டி ஒட்டி, ரெசின் பசை பூசி, மறுநாளே தண்ணீரில் இறக்கிக் கொடுத்தார். அலுமினியம் நெளிந்ததோடு விட்டிருந்தால் தட்டி நிமிர்த்தியிருக்கலாம். மடிப்பில் கிழிந்துவிட்டதால், அதை ஒட்டுகிற வெல்டிங்காரரைத் தேடி மாத்தளை வரை லொறியில் ஏற்ற வேண்டியதாயிற்று.

"பாத்தியா!" என்று சூசை அன்றைக்கெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தார். குணே ஐயாவுக்கு மட்டும் திருப்தியில்லை. சிங்களத்தில் என்னிடம் கேட்டார்: "அதெல்லாம் சரி நோனா, யானை மிதிக்காத போட்டு எது? அதைக் காட்டுங்க."

சக்களத்தி

குளத்துப் போட்டுக்கு முன்முனை, அதாவது மூக்கு, தாழ்ந்திருக்க வேண்டும். அலையில்லாத தண்ணீர், உட்கார்ந்தபடி குனிந்து வலை இழுக்கிற வேலை. சூசை அப்படித்தான் செய்து கொடுப்பார். ஒன்றே ஒன்றை மட்டும் தனக்காகச் செய்தார். அதற்கு மூக்கு நிமிர்ந்து நிற்கும். கடல்காரர்கள் அதை அணியம் என்பார்கள், படகை வள்ளம் என்பார்கள். "அளவு எடுக்காம செய்யிறீங்களே" என்றதற்கு, "எங்கட அப்பாட வள்ளம் கண்ணுக்குள்ள நிக்குது. அளவுகோல் எதுக்கு?" என்றார். அந்த அப்பா இப்போது இல்லை, வள்ளமும் இல்லை. கரையில் நின்ற வீடும் இல்லையாம்.

கடை வாசலில் அது நின்றது. காலையில் கடை திறந்ததும் அவர் கை முதலில் அதன் மேல்தான் போகும். சண்டையில் மூடிக்கிடக்கிற வடக்குப் பாதை திறந்தால் அதோடு ஊருக்குப் போவார் என்று எனக்குத் தெரியும். என்னையும் கூப்பிடுவார். நான் கடலைப் பார்த்ததே கொழும்புக்குப் போன இடத்தில்தான். அங்கே போய் நான் என்ன செய்ய? போகாமல் எப்படி இருக்க? அந்தப் போட்டுக்கு நான் வைத்த பெயர் சக்களத்தி. வாங்க வருகிறவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே மாதிரித்தான் கேட்பார்கள்: "குளத்துக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய மூக்கு?"

செக் பொயின்ட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்களத்தியைக் குளத்தில் விட்டுப் பார்க்க லொறியில் ஏற்றினோம். வழியில் ஆமிக்காரன் மறித்தான். சூசையின் அடையாள அட்டையில் மன்னார் என்று இருப்பதைப் பார்த்ததும் இறங்கச் சொன்னான். அந்தோனியாரே, இந்த மனுசனைக் காப்பாற்று!

அவன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அணியத்தை விரலால் தட்டிப் பார்த்தான், உள்ளங்கையால் தடவினான். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். குளத்தில் சூசை தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். புதுப் போட்டு எதை இறக்கினாலும் அவர் இப்படித்தான் செய்வார், செய்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்று எனக்கு மனசே ஆறவில்லை. காதுக்குள், அட்டையைத் திருப்பித் தரும்போது அந்த ஆமிக்காரன் சொன்னதுதான் கேட்டுக்கொண்டிருந்தது: "நான் தங்காலைக் கடற்கரைக்காரன். எங்க அப்பாகிட்டயும் இப்படி ஒண்ணு இருக்கு. லீவுதான் தர மாட்டேங்கிறாங்க."

பாதை திறந்தது

சண்டையை நிறுத்தி, ஏ9 பாதையைத் திறந்தார்கள். வடக்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கினார்கள். வஹகோட்டைத் திருநாளுக்கு வந்த பேதுறு என்கிற ஆள், கடை வாசலில் வள்ளத்தைக் கண்டதும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஓடி வந்தான். சூசையின் ஊர்தான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுததை ரோட்டே வேடிக்கை பார்த்தது. "வாங்க அண்ணன், போவம்" என்றான் பேதுறு.

சூசை இரண்டு நாளும் வள்ளத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். நான் அலுமாரியைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தேன், அவருடையதையும் என்னுடையதையும். மூன்றாம் நாள் வள்ளத்தை மட்டும் பேதுறு பிடித்து வந்த லொறியில் ஏற்றினார். லொறி மறையும் வரை ரோட்டில் நின்றார். "நீங்க போகலையா?" என்று கேட்டேன். அவர் அடுக்கிவைத்த துணிகளைப் பார்த்தபடி சொன்னார்: "அங்க கடல் மட்டும்தான் இருக்கு ரீட்டா. வள்ளம் முதல்ல போகட்டும்."

அடுத்த திருநாள்

அந்த வருஷம் முழுக்க என் வீட்டுக்காரர் சந்தோஷமாக இருந்தார். தான் செய்த வள்ளம் உப்புத் தண்ணீரில் ஓடுகிறது என்று வருகிற ஆளிடமெல்லாம் சொன்னார், அலுமினியம் வாங்க வந்தவர்களிடமும் சொன்னார். அடுத்த திருநாளுக்குப் பேதுறு வந்தபோது, டீ கொடுக்கக்கூட விடாமல், "எப்பிடி ஓடுது?" என்றுதான் கேட்டார்.

"நல்லா ஓடுது அண்ணன்" என்றான் பேதுறு. கொஞ்சம் தயங்கினான். கரைக்காரர்கள் ஏதோ சொல்கிறார்கள் என்று இழுத்தான். சூசை விடவில்லை. இத்தனை வருஷம் நாங்கள் எல்லாரும் கேலி செய்த அந்த மூக்கை, கண்ணுக்குள் நின்றதைப் பார்த்துச் செய்த அந்த மூக்கைப் பற்றி அவன் சொன்னான்: "அணியம் கொஞ்சம் தாழ்வு அண்ணன். அலை உள்ளுக்கு அடிக்குது. குளத்து வள்ளம் மாதிரி இருக்கு எண்டு சிரிக்கினம்."

சூசை எழுந்து கொட்டிலுக்குள் போனார், நானும் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இப்போதெல்லாம் யாராவது வந்து "அலுமினியமா, பைபரா?" என்றால், "எந்தத் தண்ணிக்கு? குளமா, கடலா?" என்று முதலில் கேட்கிறேன், எங்கள் வீட்டிலேயே அதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை.